கரை நேரம்

காலையில் உல்லாசக் கப்பலிலிருந்து தீவில் இறங்கும்போது சிவானந்தம்தான் மனைவி வசுமதியின் கைக்கடிகாரத்தை வாங்கி ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார். "இந்த ஊர் நேரத்தையே பாரு. நாலு மணிக்குக் கப்பல்ல இருந்தாப் போதும்" என்றார். மதியத்துக்கு மேல் வசுமதியை ஒரு டீக்கடையில் உட்காரவைத்து, "தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரேன். எங்கயும் போயிடாத" என்று சொல்லிவிட்டுப் போனவர் வெகு நேரமாகியும் திரும்பவில்லை.

கப்பலில் பக்கத்து அறையில் தனியாகப் பயணம் செய்யும் ஸ்டெல்லா பைகளோடு அந்த வழியாக ஓடிவந்தாள். வசுமதியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னக்கா, இன்னும் உக்காந்திருக்கீங்க? கப்பல் கிளம்பப் போகுது!"

"மூணுதானே ஆகப்போகுது?"

"அது இந்த ஊருக்கு. கப்பல் நேரப்படி நாலு. கப்பல்காரங்க அதைத்தான் பார்ப்பாங்க."

"அவர் வரட்டும்..."

"உங்க வீட்டுக்காரரா? அவர் அப்பவே டாக்சி பிடிச்சுத் துறைமுகத்துக்குப் போனாரே!"

இருவரும் ஓடினார்கள். ஏணியை எடுக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். மேல்தளத்தில் சிவானந்தம் குளித்து, வேறு சட்டை மாற்றி, கம்பியைப் பிடித்தபடி கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வசுமதியைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. பிறகு கையை வீசிக் கத்தினார்.

"எங்கடி போயிட்ட? எவ்வளவு நேரமாத் தேடுறேன்!"

வசுமதி அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே மெதுவாகக் கேட்டாள்.

"ஸ்டெல்லா, இன்னைக்கு ராத்திரி நான் உன் ரூம்ல படுத்துக்கட்டுமா?"