பொடி எழுத்து

"யோவ், கதவைத் திறய்யா! படத்தைப் போட்டு வதைச்சது போதாதுன்னு ஆளையும் உள்ளே வச்சுப் பூட்டுறீங்களா?"

தியேட்டரில் இருந்ததே இருபது பேர்தான். முக்கால்வாசிப் பேர் பின்பக்கக் கதவை மொய்த்துக்கொண்டு நின்றார்கள்.

டிக்கெட் கிழிப்பவர் கதவில் முதுகை ஒட்டவைத்தபடி கைகூப்பினார்.

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சுங்க. ரெண்டே நிமிஷம்."

"ரெண்டு மணி நேரமா அந்த ரோபோவும் இதையேதான்யா சொல்லிச்சு!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பில் பாதி எரிச்சல்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? இருநூறு வருஷம் கழித்து நடக்கிற கதையாம். சூரியன் செத்துப்போச்சாம். மூச்சுக் காற்றுக்கு ரேஷனாம். ஆனால் கதாநாயகன் ஓடினால், ஆறடி நிழல் ஒன்று கூடவே ஓடுகிறது. அவன் தப்பிப் போன நாலு ஊரும் ஒரே வராந்தா. பல்பு மட்டும்தான் நிறம் மாறுகிறது. நடுவில் ஒரு ரோபோ தும்மிவிட்டது.

கூட்டத்தில் ஒரு தச்சர். மனைவியோடு வந்திருந்தார். படம் முழுக்க அவர் வாய் ஓயவில்லை.

"இரும்புக் கோட்டைக் கதவாம்! ப்ளைவுட்டுடி அது. உதைச்சா நெளியுது பாரு."

"சும்மா பாருங்க. அந்தப் பொண்ணு போட்டிருக்கிற அங்கியும் முகமூடியும் எவ்வளவு நேர்த்தியாத் தைச்சிருக்காங்க."

"ஆமா, துணி எடுக்கத்தானே வந்தோம்."

படம் முடிந்தும் திரையில் பேர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எடுத்தது பத்துப் பேர், நன்றி சொன்னது நூறு பேருக்கு.

தச்சருக்குப் பொறுமை போய்விட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தள்ளுங்கப்பா. எனக்குத் தொழிலே கதவு போடுறதுதான். நான் பார்க்கிறேன்."

தாழ்ப்பாளில் கை வைத்தார். நேற்றுத்தான் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கியது.

"என்னய்யா இது, இது நல்லாத்தானே..."

டிக்கெட் கிழிப்பவர் அவர் கையை அப்படியே அமுக்கிப் பிடித்தார். காதருகே குனிந்தார்.

"சார், உங்களைக் கும்பிடுறேன். முன்வரிசையைப் பாருங்க."

முன்வரிசையில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையைப் பிடித்தபடி பள்ளிக்கூடம் போகிற வயசு மகன். பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டபடி ஒரு வயதான அம்மா.

"இந்தப் படத்துக்கு அங்கி, முகமூடி எல்லாம் தைச்சது அந்தப் பொண்ணுதான். பேரு கடைசியில வருது. நேத்தும் மாமியாரைக் கூட்டிட்டு வந்துச்சு. பேரு வர்ற நேரம், ஜனம் கதவைத் திறந்துட்டாங்க. இது மேற்குப் பார்த்த கதவு சார். சாயங்கால வெயில் நேராப் போய் அடிச்சதுல திரையே வெளுத்துப்போச்சு. 'ஆறு மாசமா வீட்டைப் போட்டுட்டு மிஷினே கதின்னு கிடந்தியே, எங்கடி உன் பேரு?'ன்னு மாமியார் கேட்டாங்க. அந்தப் பொண்ணு நின்ன நிலை இருக்கே... நாளைக்குப் படத்தைத் தூக்குறாங்க சார்."

"இதை ஜனங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, இந்தச் சிரிப்பெல்லாம் அந்தப் பொண்ணு பக்கம் திரும்பிடாதா?"

தச்சர் முன்வரிசையை இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நல்லா இறுகிக்கிச்சுங்க. அவசரப்பட்டா உடைஞ்சிரும். கொஞ்சம் பொறுங்க."

தாழ்ப்பாளைத் தட்டினார். ஊதினார். சட்டை நுனியால் துடைத்தார். இல்லாத வியர்வையை வழித்து எறிந்தார்.

"அழகுதான் போங்க!" அதே சுவரில் இருந்த இன்னொரு கதவில் சாய்ந்து நின்ற மனைவி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். "இருபது வருஷமாக் கதவு போடுறாராம். ஒரு தாழ்ப்பாளைத் திறக்க வக்கில்லை. வீட்டுல அலமாரிக் கதவே இன்னும் கீச்சுக்கீச்சுன்னுதான் கத்துது!"

கூட்டம் கோபத்தை மறந்து சிரித்தது. தச்சர் காது சிவக்கக் குனிந்துகொண்டார்.

"அந்தக் கதவையாவது திறக்க முடியுமாம்மா?" என்று ஒருவர் அவள் பக்கம் வந்தார்.

"இதுவும் பூட்டித்தாங்க கிடக்கு. இந்த மனுஷன் திறந்தாத்தான் நமக்கு விடிவு!"

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து ஒரு கூவல்.

"அம்மா பேரு! அதோ, அம்மா பேரு!"

மாமியார் எழுத்துக் கூட்டி, ஒவ்வொன்றாக, சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்டி, ஆறு மாசம் கண்ணு பூத்துப்போக உழைச்சவ பேரை இத்தனை பொடி எழுத்துலயா போடுவான்? என்ன மனுஷன் அவன்!"

தச்சர் தாழ்ப்பாளை இழுத்தார். திறந்துகொண்டது. வெயில் உள்ளே பாய்ந்தது. கூட்டம் திட்டிக்கொண்டே வெளியேறியது.

தெருமுனை வரை தச்சர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"அந்தத் தாழ்ப்பாளுக்கு ஒண்ணும் ஆகலைடி."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுமா அத்தனை பேர் முன்னால என் மானத்தை வாங்கினே?"

"சிரிக்கிற ஜனம் கதவைத் தள்ளாதுங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் பக்கத்துக் கதவு பூட்டவே இல்லை. முதல்ல நான்தான் அதைக் கொஞ்சம் தள்ளினேன். ஒரு கீத்து வெயில் போய்த் திரையில விழுந்துச்சு. அந்தப் பொண்ணு பதறித் திரும்பிப் பார்த்தா பாருங்க... அப்பவே சாத்திட்டு முதுகைக் கொடுத்து நின்னுட்டேன்."