கழற்றி வைத்த வளையல்கள்

காசிமேட்டு ஷெரினுக்குச் சினைப்பையில் புற்றுநோய். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. கீமோ மருந்து ஏறும்போதெல்லாம் பிள்ளை அசையாமல் கிடக்கும். அதுதான் அவளுக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. பிள்ளைக்குச் சத்தம் கேட்கட்டும் என்று இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். புதன்கிழமை நான்காவது கீமோ. ஊசி குத்த வேண்டுமே என்று எல்லாவற்றையும் கழற்றி, மாதா படத்தின் முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.

மருந்து சொட்டத் தொடங்கியதும் போர்வைக்குள் கலகலவென்று சத்தம்.

"வளையல் போட்டுகினு வராதன்னு எத்தினி வாட்டிம்மா சொல்றது?" என்றாள் நர்ஸ்.

ஷெரின் இரண்டு வெறுங்கைகளையும் வெளியே நீட்டிக் காட்டினாள். சத்தம் நிற்கவில்லை.

நர்ஸ் வயிற்றின் மேல் கை வைத்தாள். வைத்த கையைச் சட்டென்று எடுத்தாள்.

"முழிச்சிகினு கீது சிஸ்டர்," என்றாள் ஷெரின், நிம்மதியாக.