அப்பாவுக்குப் பத்தியம்

"இனிமே இந்த வீட்டுக்குள்ள கோழி வந்தா, நடந்து வரணும், நடந்தே திரும்பிப் போகணும். புரியுதா?"

அம்மாவோடு டாக்டரிடம் போய்விட்டு வந்த அன்றைக்கு அப்பா போட்ட சட்டம் அது. சர்க்கரை வாசல் வரைக்கும் வந்து நிற்கிறதாம். இப்போதே சாப்பாட்டை மாற்றினால் உள்ளே வராதாம்.

அன்றிலிருந்து தட்டில் கீரை, பயறு, முட்டைக்கோஸ். மாறுதல் வேண்டாமா? அடுத்த வேளை முட்டைக்கோஸ், பயறு, கீரை.

"நாம என்ன ஆடா?" என்றாள் குண்டூசி. வாய் அப்படி என்பதால் வீட்டில் வைத்த பேர். படிப்பை நிறுத்திவிட்டுச் செருப்புக்கடையில் வேலை பார்க்கிறாள்.

"அப்பா உடம்புக்காகடி. கொஞ்சம் அடக்கி வாசி," என்றாள் அம்மா.

அப்பா அடக்கி வாசிக்கிற ஆளா?

"இந்த இலைதழை எல்லாம் தனியா உட்கார்ந்தா எனக்கு இறங்காது. நீயும் இதையே சாப்பிடு" என்று அம்மாவைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார். "தனியா நடந்தா தலை சுத்துது" என்று காலையில் அவளையும் இழுத்துக்கொண்டு நடந்தார். இத்தனைக்கும் மனிதர் லிஃப்ட் மெக்கானிக். ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைத்துவிட்டு, பெண்டாட்டியை நாலு மாடி படியேற வைத்தார்.

நோய் இவருக்கு, தண்டனை வீட்டுக்கே. குண்டூசி பல்லைக் கடித்தாள்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கடையிலிருந்து வறுத்த கோழி வாசனை ஆளைக் கட்டி இழுத்தது. போனாள்.

அங்கே அவளுக்கு முன்னாலேயே ஒருவர் கோழிக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தோளில் ஸ்பேனர் பை.

"கீரை நல்லா வெந்திருக்காப்பா?"

அப்பாவுக்குப் புரையேறியது.

"எவ்வளவு நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"எப்பவாவது ஒருநாள்தாண்டி…"

"அம்மா உங்களுக்காக நாக்கைக் கட்டிப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கா. நீங்க இங்க எலும்பை உறிஞ்சிட்டிருக்கீங்க. வாங்க, வீட்டுல வெச்சுக்கறேன் கச்சேரியை."

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"ஏன், பயமா?"

"பயம்தான்." அப்பா எலும்பைத் தட்டில் வைத்தார். "டாக்டர் சொன்னது எனக்கு இல்லடி. அவளுக்கு."

"அம்மாவுக்கா?"

"டாக்டர் ரூமை விட்டு வெளியே வந்ததும் சிரிக்கறா. 'எனக்கு ஒருத்திக்காக யாரு தனியா சமைக்கிறது? வீட்டுல என்ன மிச்சமோ அதைத் தின்னுட்டுப் போறேன்'ங்கறா. 'இரு, நானும் சர்க்கரையைப் பாத்துட்டு வரேன்'னு உள்ளே போனேன். திரும்பி வந்து, எனக்கும் அதேதான்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டேன். அன்னைக்கே அடுப்படி மாறிப்போச்சு."

"அப்ப உங்களுக்கு…?"

"ஒண்ணுமில்ல. அது தெரிஞ்சா நாளைக்கே கீரையைத் தூக்கிப் போட்டுட்டு, எனக்குப் பிடிச்சதைச் சமைக்க ஆரம்பிச்சிடுவா."

குண்டூசி கடைக்காரரின் மேசையிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்து நீட்டினாள்.

"மீசையெல்லாம் மசாலா. நல்லாத் தொடைங்கப்பா. நோயாளி மாதிரியா இருக்கீங்க?"