வெறுங்கால்

"சாமி, இங்க வாங்க. இப்படி உட்காருங்க."

தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு உடனே புரியவில்லை.

தைப்பூசத்துக்குச் சில நாட்களே இருந்தன. ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனிச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள். பச்சையும் காவியுமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் போட்டிருந்ததும் பச்சைதான். குழந்தைகளின் புற்றுநோய் வார்டுக்கு நிதி திரட்டும் நடைப்பயணத்துக்காகக் கொடுத்த டிஷர்ட். திண்டுக்கல்லிலிருந்து மதுரை வரைக்கும் நடை. அடுத்த மாதம். அவள் நடந்து முடித்தால் பணம் தருவதாக அலுவலகமே சொல்லியிருந்தது. போன வருடம் உடைந்த கணுக்காலுக்குள் இன்னும் தகடு இருந்தது.

நடைபாதை நன்றாக இருக்கிறது என்று பயிற்சிக்கு இந்தச் சாலையைத் தேர்ந்தெடுத்தது அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

கால் வீங்கி ஷூ கடித்தது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நொண்டினாள்.

பச்சைச் சட்டை, வெறுங்கால், நொண்டல். தை மாதத்தில் பழனிச் சாலையில் இதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

கூப்பிட்ட அம்மாள் கையைப் பிடித்து அன்னதானப் பந்தலுக்குள் இழுத்து உட்காரவைத்துவிட்டாள். நாச்சம்மா என்று மற்றவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். எதிரே தரையில் உட்கார்ந்து, வீங்கிய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். தைலம் தேய்த்தாள்.

சொல்லியிருக்கலாம். நான் பழனிக்குப் போகவில்லை, அடுத்த பாலத்தடியில் என் வீட்டுக்காரர் காரோடு நிற்கிறார் என்று. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

சுகமாக இருந்தது. அதுதான் விஷயம்.

பின்னால் ஒரு பெரியவர் தன் முறைக்காக நின்றார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காருங்க என்பது போல அவர் கையமர்த்தினார்.

தேய்த்துக்கொண்டிருந்த விரல்கள் கணுக்காலில் நின்றன. தழும்பு.

"உள்ள தகடு வெச்சிருக்குதா?"

தலையாட்டினாள்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா நடந்து வர்றீங்க? முருகா!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் ஓடி வந்து அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரோ அரோகரா போட்டார்கள்.

உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. இப்போது சொன்னால் இத்தனை முகமும் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தாள். சொல்லவில்லை.

நாச்சம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் துணியில் கட்டிய காசு.

"பேரனுக்கு நெஞ்சுல ஆப்பரேசன். நானே நடந்து போய்ப் போடறேன்னு வேண்டிக்கிட்டதுங்க. முட்டி விடமாட்டேங்குது. உண்டியல்ல போட்டுருங்க சாமி. இந்தக் கால் போய்க் கேட்டா முருகன் இல்லேன்னு சொல்லமாட்டான்."

கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

பாலம்வரைக்கும் அந்தக் காசுக்கு வழி தேடிக்கொண்டே நடந்தாள். அலுவலகத்தில் யாராவது பழனிக்குப் போவார்கள், கொடுத்துவிடலாம். காரிலேயே போய்ப் போட்டுவிட்டு வரலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

இந்தக் கால் போய்க் கேட்டால் என்றல்லவா சொன்னாள்.

கார்க் கதவைத் திறந்ததும் ஏசி முகத்தில் அடித்தது.

"கால் எப்படி இருக்கு?" என்றார் கணவர்.

"பரவாயில்லை."

"இன்னிக்கு இது போதும். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? தகடு அசைஞ்சுதுன்னா அடுத்த மாசம் நீ ஓரமா நின்னு கைதான் தட்டணும்."

கார் திண்டுக்கல் பக்கம் திரும்பியது. வந்த வழியேதான் போயாக வேண்டும்.

பந்தல் தெரிந்ததும் சீட்டில் சரிந்தாள். தலை ஜன்னலுக்குக் கீழே போகும்வரை சரிந்தாள்.

"யாருக்கு ஒளியற?" அவர் சிரித்தார். "கடன்காரன் யாராவது நிக்கறானா?"

பந்தல் போய்விட்டது. அப்படியே கிடந்தாள். தன்னை இவ்வளவு கேவலமாக அவள் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

"நிறுத்துங்க."

"ஏன், வாந்தி வருதா?"

இறங்கினாள். பையைச் சீட்டிலேயே விட்டாள். ஷூ அதற்குள் இருந்தது.

"எங்க போற?"

"பழனிக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"அப்ப அடுத்த மாசம்?"

அவள் கார்க் கதவைச் சாத்தினாள்.

சாலையைக் கடந்து, போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். பந்தலைத் தாண்டும்வரை முகம் தெரியக் கூடாது. வியர்வை துடைக்கக் கழுத்தில் போட்டிருந்த துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு நடுவில் புகுந்து நடந்தாள். தைலம் காய்ந்த இடத்தில் தார் ரோட்டுப் பொடிக்கல் ஒட்டிக் குத்தியது.

நாச்சம்மா காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுகிறவள்.

"என்ன சாமி, அப்பவே போனீங்களே! இன்னும் இங்கயேவா இருக்கீங்க? ரொம்ப வலிக்குதா?"

குரலில் துளிகூடச் சந்தேகம் இல்லை.

அவள் முக்காட்டை எடுத்தாள். கூட்டம் அவளை விட்டு முன்னே போனது.

"இல்லீங்க," என்றாள். "இப்பத்தான் கிளம்பறேன்."