பிரிக்காத பொட்டலம்

பேக்கரியின் பின்னறையில், அடுப்பின் மஞ்சள் வெளிச்சத்தில், சர்க்கரை வியாதிக்காரரான என் அக்கா கணவர், அவருக்கென்றே நான் சுட்ட கேக்கை மெல்லுகிறார். விழுங்கத்தான் தயங்குகிறார். என் பார்வை அலமாரிக்குப் போகிறது. சர்க்கரைக்குப் பதில் இனிப்புக்காக வாங்கிய சார்பிட்டால் பொட்டலம் பிரிக்காமலே இருக்கிறது. பக்கத்தில், பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சிட்டிகை அளவே போடும் பதப்படுத்தும் உப்பின் டப்பா, வழித்துத் துடைத்தாற்போல் காலி. இரண்டும் வெள்ளைப் பொடிதான். பதினெட்டு வருடம் மாவு பிசைந்த திமிரில், நாக்கில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. காது மடல் சுடுகிறது. "துப்பிடுங்க மாமா" என்று தட்டை இழுக்கிறேன். அவர் விடுவதாயில்லை. தானே தப்புச் செய்ததுபோல் கூசிச் சிரிக்கிறார். "கேக்குல ஒரு குறையும் இல்ல மாப்ள. மூணு வருஷமா இனிப்பே தொடலைல்ல, என் நாக்குக்குத்தான் ருசி மறந்துபோச்சு."