பால்கனியில் ஒரு பெண்

போன் பேசும் வசதியுள்ள மலிவு டேப்லெட் ஒன்றைத் தினகரன் வாங்கி வந்ததிலிருந்து, அவன் மனைவி ஷாமளாவுக்கு நிம்மதி போய்விட்டது. மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டான்.

இன்று கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். திரையில் அழகான ஒரு பெண். அவள் நெஞ்சில் கைவைத்துச் சிரிக்க, இவனும் அதேபோல் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தான். ஷாமளா கதவைத் திறந்து டேப்லெட்டைப் பிடுங்கினாள்.

"யாருங்க இவ? போன் இருக்கறப்ப இது எதுக்கு? சின்ன ஸ்கிரீன்ல இவ மூஞ்சி பத்தலையோ?"

"மூஞ்சி இல்ல லா, விரல்தான் சரியா தெரியாது. அவங்க சைகை மொழி டீச்சர்."

"உங்களுக்கு எதுக்குச் சைகை மொழி?"

அவன் அவள் உதடுகளையே உற்றுப் பார்த்தான்.

"எனக்கு ரெண்டு காதும் போய்க்கிட்டு இருக்கு, ஷாமளா. கொஞ்ச நாள்ல சுத்தமா கேக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஷாமளா நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை ஒட்டி உட்கார்ந்தாள். டேப்லெட்டை இருவருக்கும் தெரியும்படி நிமிர்த்தி வைத்தாள்.

"உங்க மேல கோவமா இருக்கேன்னு எப்படிக் கை காட்டணும்? மொதல்ல அதக் கேளுங்க."