சத்தம் வைக்காத படம்

டி.வி.யில் ஓநாய் மனிதன் வாயைப் பிளந்து ஊளையிட்டான். கூடத்தில் சுவர்க்கடிகாரம் ஓடுவது மட்டும்தான் கேட்டது.

"என்னங்க, டி.வி. ரிப்பேரா?" என்று அருண்ராஜ் ரிமோட்டை எடுத்தான். நெல்லிக்குப்பத்திலிருந்து அக்கா நந்தினியைப் பார்க்க நெய்வேலிக்கு வந்தவன் அவன். கீழ்வீட்டுச் செந்தாமரையோடு கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வரலாமென்று நந்தினி அவனையும் அழைத்து வந்திருந்தாள்.

நந்தினி ரிமோட்டைப் பிடுங்கினாள். "நைட் ஷிஃப்ட் வூடுடா இது," என்று கிசுகிசுத்தாள். "பகல்ல டி.வி.க்கு சத்தம் வைக்க மாட்டாங்க. மெதுவா பேசு."

மூடியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்து அருண்ராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காலையிலிருந்து விடாத மழை. வாசலில் அவர்கள் செருப்பு சேறும் சகதியுமாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த மைன்ஸ் பூட்ஸ் மட்டும் காய்ந்து, தூசி படிந்திருந்தது.

"சின்னதுல இந்தப் படத்தப் பாத்துட்டு, பாத்ரூமுக்குக்கூட அம்மாவ இட்டுகினு போவேன்," என்றான் அருண்ராஜ், குரலைத் தாழ்த்தி. "இப்பப் பாத்தா தேங்கா நார ஒட்டிகினு ஓடுறான். முதுவுல ஜிப்பு தெரியுது!"

"நீ தாடி வச்சா இதவிட மோசமாத்தான் இருக்க," என்றாள் நந்தினி.

செந்தாமரை சிரிக்கவில்லை. டீயைக் கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் வைத்த ஓசைகூட எழவில்லை.

திரையில் அந்த மனிதன் மாறத் தொடங்கினான். மயிர் முளைக்கும் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அருண்ராஜின் கேலி நின்றுபோயிற்று. ஒப்பனை பழசாகியிருந்தது; அந்தக் கண்கள் பழசாகவில்லை.

"பாவம்," என்றாள் செந்தாமரை. "இனிமே வூட்டுக்குத் திரும்ப முடியாதுன்னு அவனுக்கே தெரியல."

படம் முடிந்து இருவரும் படியேறினார்கள். மேலே ஒரு பெண் தண்ணீர் வாளியைத் தரையில் இழுக்காமல், தூக்கிக்கொண்டே நடந்தாள்.

"இந்த பிளாக்குல எல்லாருமே இப்படித்தானாக்கா?" அருண்ராஜ் இன்னும் கிசுகிசுத்துக்கொண்டுதான் இருந்தான்.

"செந்தாமரை அக்காவே ஒருநாள் சத்தம் வைக்கட்டும். அதுவரைக்கும் நாங்களும் வைக்கிறதில்ல."

"நல்ல மனசுதான். அவங்க வூட்டு அண்ணன் எழுந்ததும் ஒரு வணக்கம் வச்சிட்டுப் போறேன்."

நந்தினி படியில் நின்றாள்.

"அவரு தவறி வருசம் ஆவப்போவுதுடா."